இன்ஹெரிட்டன்ஸா, கம்போசிஷனா: புதிதாக நிரல் எழுதுவோர் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ஆப்ஜெக்ட் முறையில் நிரல் எழுதத் தொடங்கிய சில மாதங்களிலேயே எல்லோரும் ஓர் இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஏற்கெனவே எழுதி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கிளாஸ் இருக்கிறது. இப்போது எழுத வேண்டிய புதிய கிளாஸுக்கு அதில் உள்ள மெத்தட்களில் பாதி அப்படியே தேவைப்படுகின்றன. அதே வரிகளை மறுபடி எழுத மனம் வராது; எழுதவும் கூடாது. புதிய கிளாஸைப் பழைய கிளாஸின் சேயாக அறிவித்து, அதன் மெத்தட்கள் அனைத்தையும் மரபாகப் பெற்றுக்கொள்ளலாம், இது இன்ஹெரிட்டன்ஸ். அல்லது பழைய கிளாஸின் ஓர் ஆப்ஜெக்டைப் புதிய கிளாஸுக்குள் ஓர் உறுப்பாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்கலாம், இது கம்போசிஷன்.

தமிழ்வழிப் பாடநூல்களில் கிளாஸை இனக்குழு என்றும் இன்ஹெரிட்டன்ஸை மரபுரிமம் என்றும் படித்திருப்பீர்கள். வேலையிடத்தில் புழங்கும் சொற்களையே இங்கே பயன்படுத்துகிறேன். மரபு தரும் கிளாஸைத் தாய் என்றும் பெறும் கிளாஸைச் சேய் என்றும் சொல்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்ஹெரிட்டன்ஸ் தவறானது அன்று. ஆனால் அது ஒரே நேரத்தில் இரண்டைத் தருகிறது, புதியவர்கள் பெரும்பாலும் அதில் ஒன்றை மட்டுமே கேட்டு வாங்குகிறார்கள். தாயின் உள்ளே இருக்கும் வேலை வரிகள் கிடைக்கின்றன. கூடவே, எந்த மெத்தடை அழைத்தால் என்ன நடக்கும் என்று தாய் வெளியுலகுக்குக் கொடுத்திருக்கும் வாக்குறுதிகள் அனைத்தும் சேயின் தலைமேல் வந்து அமர்கின்றன. வேலை வரிகள் மட்டும் வேண்டும் என்றால் கம்போசிஷன் போதும். வாக்குறுதியும் வேண்டும், அதை முழுமையாகக் காப்பாற்றவும் முடியும் என்றால்தான் இன்ஹெரிட்டன்ஸைக் கையில் எடுக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதற்கான வழிகளே.

முதல் படி: எதற்காக மரபு கேட்கிறோம் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

விசைப்பலகையில் கை வைப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, ‘இந்தக் கிளாஸை நான் சேயாக்க விரும்புவது ஏனென்றால்’ என்று தொடங்கி அந்த வாக்கியத்தை முடித்துப் பாருங்கள். ‘அதில் உள்ள சேர்த்தல், நீக்கல் மெத்தட்கள் எனக்கும் வேண்டும்’ என்று முடிந்தால், நீங்கள் கேட்பது வேலை வரிகளை. ‘தாயை எதிர்பார்க்கும் ஒவ்வோர் இடத்திலும் இதையும் கொடுக்க வேண்டியிருக்கிறது’ என்று முடிந்தால், நீங்கள் கேட்பது வாக்குறுதியை.

இந்த வாக்கியத்தை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜாவா மொழியின் நூலகத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1996-இல் வெளிவந்த ஜாவாவின் முதல் பதிப்பிலிருந்தே ஸ்டாக் என்றொரு கிளாஸ் உண்டு. ஸ்டாக் என்பது தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போன்றது: கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும், நடுவிலிருந்து உருவ முடியாது. அந்த ஒரு கட்டுப்பாடுதான் ஸ்டாக்கை ஸ்டாக் ஆக்குகிறது. ஆனால் ஜாவாவில் அது வெக்டர் என்னும் வரிசைப் பட்டியலின் சேயாக எழுதப்பட்டது. வெக்டரோ எந்த இடத்திலும் செருகலாம், எந்த இடத்திலிருந்தும் நீக்கலாம் என்று வாக்குறுதி தரும் கிளாஸ். அதனால் இன்றும் ஜாவாவின் ஸ்டாக்கில் அடித்தட்டை உருவி எடுக்கலாம், நடுவில் ஒன்றைச் செருகலாம். கம்பைலர் ஒரு வார்த்தையும் சொல்லாது. சுற்று வரியை (லூப்) போட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மேலிருந்து கீழாக வருவதற்குப் பதிலாக, வெக்டரின் பழக்கப்படி அடியிலிருந்து மேலாக வருகிறது.

வேண்டியிருந்தது வெக்டரின் சேமிப்புத் திறன் மட்டுமே. வெக்டரை உள்ளே ஓர் உறுப்பாக வைத்து, மேலே வைப்பது, மேலிருந்து எடுப்பது, மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஆகிய மெத்தட்களை மட்டும் வெளியே காட்டியிருந்தால் போதும். ஜாவாவின் ஆவணமே இப்போது அந்தக் கிளாஸுக்குப் பதிலாக, 2006-இல் வெளியான 6-ஆம் பதிப்பில் வந்த டெக் என்னும் இன்டர்ஃபேஸையும் (எந்த மெத்தட்கள் இருக்கும் என்ற வாக்குறுதியைத் தரும் அறிவிப்பு) அதைச் செயல்படுத்தும் கிளாஸ்களையும் பயன்படுத்தச் சொல்கிறது.

இரண்டாம் படி: தாயின் இடத்தில் சேயை வைத்துப் பாருங்கள்

‘நாய் ஒரு விலங்கு, ஆகவே நாய் என்பது விலங்கின் சேய்’ என்று பாடங்களில் சொல்லித் தருவார்கள். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் ‘அது ஒரு இது’ என்று வாயால் சொல்லிப் பார்ப்பது போதுமான சோதனை அன்று. பேச்சில் பொருந்தும் பல விஷயங்கள் நிரலில் பொருந்துவதில்லை. கணினி அறிவியலாளர் பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஆற்றிய உரையொன்றில் முன்வைத்து, பின்னர் ஜெனட் விங்குடன் சேர்ந்து 1994-இல் விரிவாக வகுத்த கருத்து இதைவிடக் கறாரானது: தாயை நம்பி எழுதப்பட்ட நிரலில் தாயின் இடத்தில் சேயை வைத்தால், அந்த நிரல் எதிர்பார்த்த குணங்கள் எதுவும் கெடக் கூடாது.

இதைச் சோதிக்க நேரடியான வழி ஒன்று உண்டு. தாய் கிளாஸுக்கு எழுதிய டெஸ்ட்கள் (சோதனை நிரல்கள்) இருந்தால், அவற்றில் தாயின் ஆப்ஜெக்ட் உருவாகும் இடத்தில் மட்டும் சேயின் ஆப்ஜெக்டை வைத்து ஓட்டுங்கள். ஒன்று தோற்றாலும் அது சேய் அன்று. டெஸ்ட்களே இல்லை என்றால், தாயின் மெத்தட்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சேயில் இதை அழைத்தால் பொருள் இருக்கிறதா?’ என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரு மெத்தடைச் சேயில் வெறுமையாக விட வேண்டியிருந்தாலோ, ‘இது இங்கே ஆதரிக்கப்படவில்லை’ என்று பிழை எறிய வேண்டியிருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடலாம்.

சமத்துவம் பார்க்கும் மெத்தடைத் தனியாகக் கவனியுங்கள். இன்ஹெரிட்டன்ஸ் மிக எளிதாக உடைவது அங்கேதான். ஜாவாவில் தேதியைக் குறிக்கும் டேட் கிளாஸின் சேயாக, நானோ நொடிவரை துல்லியம் தரும் டைம்ஸ்டாம்ப் கிளாஸ் எழுதப்பட்டது. விளைவு: ஒரு டேட்டிடம் ‘இந்த டைம்ஸ்டாம்பும் நீயும் சமமா?’ என்று கேட்டால் ஆம் என்று சொல்லக்கூடும். அதே டைம்ஸ்டாம்பிடம் ‘அந்த டேட்டும் நீயும் சமமா?’ என்று கேட்டால் இல்லை என்கிறது. இந்த உறவைச் செயலாக்கத்தை மரபாகப் பெற்றதாக மட்டுமே கருத வேண்டும், வகையை மரபாகப் பெற்றதாகக் கருதக் கூடாது என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. வேலை வரிகளை மட்டும் பெற்றுக்கொண்டு வாக்குறுதியைக் காக்க முடியாமல் போனதை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது.

மூன்றாம் படி: வேறுபாடுகள் எத்தனை திசைகளில் போகின்றன என்று எண்ணுங்கள்

இந்தப் படியை நான் என் சொந்த வேலையில் கற்றேன். ஒரு கல்லூரிக்காகக் கட்டணக் கணக்கு நிரல் எழுதினேன். மாணவர் என்றொரு தாய் கிளாஸ். அதற்கு ஹாஸ்டல் மாணவர், கல்லூரிப் பேருந்து மாணவர், தாமே வந்துபோகும் மாணவர் என மூன்று சேய்கள். ஹாஸ்டல் மாணவர் ஒரு மாணவர்தானே. முதல் இரண்டு படிகளையும் அது தாண்டிவிடும். முதல் மாதம் எல்லாம் நன்றாகவே போனது.

அடுத்து, அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கும் கல்விக் கட்டணம் வேறு என்றார்கள். மூன்று சேய்கள் ஆறாயின. உதவித்தொகை உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு வந்ததும் ஆறு பன்னிரண்டாயிற்று. அதன்பின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான தமிழக அரசின் கட்டணச் சலுகையைச் சேர்க்கச் சொன்னபோது, தாளில் 24 கிளாஸ்கள் நின்றன. அவற்றில் சில சேர்க்கைகள் நடைமுறையில் வராதவை என்றாலும், மீதமிருந்தவற்றில் ஒரே ஹாஸ்டல் கட்டணக் கணக்கு பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. உணவுக் கட்டணத்தை மாற்றச் சொன்ன நாளில் இரண்டு இடங்களில் மாற்ற விட்டுப்போயிற்று.

அதைவிடப் பெரிய சிக்கல் ஜனவரியில் வந்தது. ஒரு மாணவி ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, மீதி நாட்களுக்குக் கல்லூரிப் பேருந்தில் வரத் தொடங்கினார். ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் பிறக்கும்போது எந்தக் கிளாஸோ, அழியும்வரை அதே கிளாஸ்தான். ஹாஸ்டல் மாணவர் ஆப்ஜெக்டைப் பேருந்து மாணவர் ஆப்ஜெக்டாக மாற்ற முடியாது. புதிய ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி விவரங்களைப் படியெடுத்தேன். பழைய ரசீதுகள் பழைய ஆப்ஜெக்டையே சுட்டிக்கொண்டிருந்ததால், ஒரே மாணவிக்கு இரண்டு நிலுவைத் தொகைகள் காட்டின. அவருடைய தந்தை கட்டிய பணம் கணக்கில் இல்லை என்று அலுவலகத்தில் சொல்லப்பட்டது. என் வடிவமைப்பில் இருந்த பிழைக்காக அவர் ரசீதுகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. அதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

ஆகவே எண்ணிப் பாருங்கள். வேறுபாடு ஒரே திசையில் போகிறதா, பல திசைகளிலா? அந்த வேறுபாடு ஆப்ஜெக்டின் வாழ்நாளில் மாறக்கூடியதா? பல திசைகள் என்றாலோ, மாறக்கூடியது என்றாலோ, அவற்றை உறுப்புகளாக்குங்கள்.

மறுபடி எழுதியபோது மாணவர் ஒரே கிளாஸ் ஆனார். அவருக்குள் தங்கும் முறை என்றோர் உறுப்பு, சேர்க்கை முறை என்றோர் உறுப்பு, சலுகைகளின் பட்டியல் ஒன்று. தங்கும் முறைக்கு மூன்று சிறு கிளாஸ்கள், சேர்க்கை முறைக்கு இரண்டு, சலுகைகளுக்கு இரண்டு; ஆக ஏழு. இவை அனைத்தும் ‘இந்தப் பருவத்துக்கு எவ்வளவு?’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு சிறிய இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தின. சலுகைகள் கழித்தல் தொகையைத் தந்தன. மாணவர் கிளாஸின் வேலை கூட்டிச் சொல்வது மட்டுமே. ஹாஸ்டலிலிருந்து பேருந்துக்கு மாறுவது என்பது ஓர் உறுப்பை மாற்றி வைப்பதாகச் சுருங்கியது. எந்தத் தேதியிலிருந்து எது என்று தெரிய வேண்டியிருந்ததால், அந்த உறுப்பைத் தேதியோடு கூடிய பட்டியலாக வைத்தேன். உணவுக் கட்டணம் ஒரே இடத்தில் இருந்தது. மாணவர் ஆப்ஜெக்டே இல்லாமல் ஹாஸ்டல் கட்டணத்தை மட்டும் தனியாக டெஸ்ட் செய்யவும் முடிந்தது.

நான்காம் படி: தாய் யாருடையது என்று பாருங்கள்

தாய் கிளாஸை எழுதியவர் நீங்களே என்றால், அதன் உள்வேலை உங்களுக்குத் தெரியும். வேறொருவரின் நூலகத்திலிருந்து வந்த கிளாஸ் என்றால், அதன் எந்த மெத்தட் உள்ளுக்குள் வேறு எந்த மெத்தடை அழைக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அடுத்த பதிப்பில் மாறலாம். கம்போசிஷனில் வெளியே தெரியும் மெத்தட்களை மட்டுமே நம்புகிறோம். இன்ஹெரிட்டன்ஸில் உள்ளே நடப்பதையும் நம்ப வேண்டியிருக்கிறது.

பைதானில் இதை ஐந்து நிமிடத்தில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாவிகளில் உள்ள ஆங்கில எழுத்துகளை எல்லாம் பெரிய எழுத்தாக்கிச் சேமிக்கும் அகராதி ஒன்று வேண்டும் என்று வையுங்கள். பைதானின் அகராதியான டிக்ட் கிளாஸின் சேயை எழுதி, சதுர அடைப்பின் வழியே மதிப்பை வைக்கும் செட்ஐட்டம் மெத்தடை மட்டும் மாற்றுகிறீர்கள். சதுர அடைப்பில் வைத்தால் சாவி பெரிய எழுத்தாகிறது; மகிழ்ச்சி. ஆனால் அப்டேட் மெத்தடின் வழியே சேர்த்தால் சாவி வந்தபடியே உட்கார்ந்துவிடும். ஆப்ஜெக்டை உருவாக்கும்போதே மதிப்புகளைக் கொடுத்தாலும் அப்படித்தான். டிக்ட் தன் உள்வேலையில் நீங்கள் மாற்றிய மெத்தடை அழைப்பதில்லை. பிழைச் செய்தி எதுவும் வராது. பாதிச் சாவிகள் ஒரு விதமாகவும் மீதி வேறு விதமாகவும் இருக்கும், தேடும்போது சில கிடைக்காது.

இதற்கென்றே பைதானின் கலெக்‌ஷன்ஸ் தொகுதியில் யூசர்டிக்ட் இருக்கிறது. அதன் அமைப்பைத் திறந்து படிப்பது நல்ல பயிற்சி. அது உண்மையான டிக்ட் ஒன்றை டேட்டா என்ற உறுப்பாக உள்ளே வைத்திருக்கிறது. வெளியே, அகராதி போல நடந்துகொள்வேன் என்ற வாக்குறுதியை மியூட்டபிள்மேப்பிங் என்னும் அருவக் கிளாஸிலிருந்து (நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத, சேய்களுக்காகவே எழுதிய கிளாஸ்) மரபாகப் பெறுகிறது. அப்டேட் மெத்தட் அங்கிருந்து வருவதால், ஒவ்வொரு மதிப்பையும் நீங்கள் மாற்றிய செட்ஐட்டம் வழியாகவே வைக்கிறது. வாக்குறுதிக்கு இன்ஹெரிட்டன்ஸ், வேலைக்குக் கம்போசிஷன் என்று இரண்டும் தத்தம் இடத்தில் நிற்பதை அங்கே காணலாம்.

இன்ஹெரிட்டன்ஸ் சரியாக அமரும் இடங்கள்

மரபுக்கென்றே வடிவமைக்கப்பட்ட தாய் கிளாஸ்களிடம் தயங்க வேண்டியதில்லை. ஜாவாவின் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் அத்தகையது: குறிப்பிட்ட இடத்து மதிப்பைத் தரும் மெத்தட், எண்ணிக்கையைத் தரும் மெத்தட் ஆகிய இரண்டை மட்டும் எழுதினால், படிக்க மட்டுமேயான பட்டியலுக்கு வேண்டிய மீதி எல்லாம் தாயிடமிருந்து வரும், எதை மாற்றலாம், எது எதை அழைக்கும் என்பதும் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிழை வகைகளும் நல்ல எடுத்துக்காட்டு. கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை, உள்ளீடு வெளியீட்டுப் பிழையின் சேய். தாயைப் பிடிக்க எழுதிய வரி சேயையும் பிடிக்கிறது, அதுவே அங்கே நமக்கு வேண்டியதும். பிழை ஆப்ஜெக்ட் வாழ்நாளில் வகை மாறுவதில்லை.

சில மொழிகள் இந்த முடிவை உங்களுக்காக ஓரளவு எடுத்துவைத்திருக்கின்றன. கோ மொழியிலும் ரஸ்டிலும் கிளாஸ் இன்ஹெரிட்டன்ஸே கிடையாது. காட்லினில் ஒரு கிளாஸை வெளிப்படையாகத் திறந்துவிட்டாலொழிய அதற்குச் சேய் எழுத முடியாது. ஜாவாவில் அப்படி இல்லை என்பதால், மரபுக்காக நீங்கள் வடிவமைக்காத கிளாஸ்களை ஃபைனல் (சேய் எழுத முடியாதது) என்று குறித்துவிடுவது நல்ல பழக்கம்.

கம்போசிஷனுக்கும் விலை உண்டு

உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுக்கு வேலையைக் கைமாற்றிவிடும் ஒருவரி மெத்தட்களை நீங்களே எழுத வேண்டும். பத்து மெத்தட்கள் என்றால் சலிப்பான வேலைதான். காட்லினில் பை (by) என்ற ஒரு சொல் அதைத் தானாகச் செய்துவிடும். இன்னொன்று நுட்பமானது. இன்ஹெரிட்டன்ஸில் தாயின் மெத்தட் வேறொரு மெத்தடை அழைக்கும்போது, சேய் அதை மாற்றியிருந்தால் பெரும்பாலான மொழிகளில் சேயின் மெத்தடே ஓடும். கம்போசிஷனில் உள்ளே இருக்கும் ஆப்ஜெக்டுக்குத் தன்னை வைத்திருப்பவர் யார் என்று தெரியாது. என் கட்டண நிரலில் ஹாஸ்டல் கட்டணம் மாணவரின் சேர்க்கைத் தேதியைப் பொறுத்து மாற வேண்டியிருந்தபோது, அந்தத் தேதியை மெத்தடுக்கு ஒரு மதிப்பாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படிக் கொடுக்க வேண்டிய மதிப்புகள் ஏழெட்டு ஆகிவிட்டால், உறுப்பைப் பிரித்த கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

உறுப்பை உள்ளேயே உருவாக்காமல், கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடும் மெத்தட்) வழியாக வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ்ட் செய்யும்போது உண்மையான உறுப்புக்குப் பதிலாக எளிய மாற்று ஒன்றைக் கொடுக்க இதுதான் வழி. உறுப்பின் வகையாகக் குறிப்பிட்ட கிளாஸை எழுதாமல் இன்டர்ஃபேஸை எழுதுங்கள். ஆனால் ஒரே ஒரு கிளாஸ்தான் இருக்கிறது, இன்னொன்று வரும் அறிகுறியும் இல்லை என்றால் அதற்காக இன்டர்ஃபேஸ் ஒன்றைப் படைக்க வேண்டாம்.

ஏற்கெனவே எழுதிவிட்ட இன்ஹெரிட்டன்ஸைப் பிரித்தெடுப்பது

புதியவர்களுக்கு வேலையிடத்தில் பெரும்பாலும் கிடைப்பது பழைய நிரல்தான். அதில் தவறான இன்ஹெரிட்டன்ஸைக் கண்டால் ஒரே மூச்சில் மாற்ற முயலாதீர்கள். முதலில் சேய் கிளாஸ் வெளியே காட்டும் நடத்தைக்கு டெஸ்ட்கள் எழுதுங்கள். பிறகு, மரபை அப்படியே விட்டுவைத்து, தாய் வகை ஆப்ஜெக்ட் ஒன்றைச் சேய்க்குள் தனி உறுப்பாகச் சேருங்கள். தாயிடமிருந்து வந்த மெத்தட்களை ஒவ்வொன்றாகச் சேயில் எழுதி, வேலையை அந்த உறுப்புக்குத் திருப்புங்கள். ஒவ்வொன்றுக்குப் பின்னும் டெஸ்ட்களை ஓட்டுங்கள். தரவு பாதி தாயிடமும் பாதி உறுப்பிடமும் சிதறிவிடக் கூடும் என்பதால், ஒரே தரவைத் தொடும் மெத்தட்களைச் சேர்த்தே திருப்ப வேண்டும். வெளியார் உண்மையில் அழைக்கும் மெத்தட்கள் எவை என்று தேடிக் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக மரபு அறிவிப்பை நீக்குங்கள். அப்போது கம்பைலர் பிழை காட்டும் ஒவ்வோர் இடமும், சேயைத் தாயாக நினைத்து யாரோ பயன்படுத்திய இடம். அங்கே இன்டர்ஃபேஸ் ஒன்று போதுமா, அழைக்கும் வரியையே மாற்ற வேண்டுமா என்று ஒவ்வொன்றாக முடிவெடுங்கள். பைதானில் இந்த உதவி கிடைக்காது. வகை சோதிக்கும் வரிகளை நீங்களே தேட வேண்டும்.

அந்தக் கடைசி நீக்கம், நிரல் உங்கள் கைக்குள் இருக்கும்வரைதான் சாத்தியம். ஜாவாவில் அமைப்பு விவரங்களைச் சேமிக்கும் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ், சாவிகளையும் மதிப்புகளையும் இணையாகச் சேமிக்கும் ஹேஷ்டேபிள் கிளாஸின் சேயாகப் பிறந்தது. சரங்களை மட்டுமே ஏற்க வேண்டிய அதில், தாயின் புட் மெத்தட் வழியே எதை வேண்டுமானாலும் போடலாம், போட்டால் பிறகு கோப்பில் எழுதும்போது உடையும். 9-ஆம் பதிப்பில் அதன் உள்ளே தனி மேப் ஒன்றை உறுப்பாக வைத்து, வேலையை எல்லாம் அதற்குத் திருப்பிவிட்டார்கள். ஆனால் உலகெங்கும் உள்ள நிரல்கள் அதை ஹேஷ்டேபிளாக நினைத்துப் பயன்படுத்திவந்ததால், மரபு அறிவிப்பு மட்டும் இன்னும் அதன் முதல் வரியில் இருக்கிறது.